அது பம்பிள்பீ இல்லை, செல்வி

அன்புள்ள செல்வி,

கடிதமும் நாலு படங்களும் கிடைத்தன. முட்டி வலியை வைத்துக்கொண்டு தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருக்கிறாய் என்று உன் மகள் போனில் புலம்பினாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நானும் இங்கே அதே லட்சணத்தில்தான் இருக்கிறேன்.

முதலில் உன் கேள்வி. பம்பிள்பீ என்று எழுதியிருந்தாயே, அந்தக் கறுப்புக் குண்டு தச்சுத் தேனீ. மூன்றாவது படத்தில் பின்வயிறு வார்னிஷ் அடித்தது போலப் பளபளக்கிறது பார். பம்பிள்பீயாக இருந்தால் அங்கேயும் அடர்ந்த ரோமம் இருக்கும். பெரும்பாலும் குளிர்ப் பகுதியில் வாழ்கிற பூச்சி, அந்தக் கம்பளி இல்லாமல் தாங்காது. போதாததற்கு, பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் காலையில் கிளம்பவே செய்யும். இன்னும் சந்தேகமென்றால் பின்னங்காலைப் பார். பம்பிள்பீயின் வேலைக்காரிக்கு அங்கே வழவழப்பான ஒரு பள்ளம், சுற்றிலும் வேலி கட்டினாற்போல முடி. மகரந்தத்தை உருண்டையாக அதில் அப்பிக்கொண்டு வரும். தச்சுத் தேனீக்கு அந்தக் கூடை கிடையாது, காலில் தூரிகை மாதிரி ரோமம்தான்.

பந்தல் காலில் வட்டமாக ஓட்டை, கீழே மரத்தூள் என்று எழுதியிருந்தாயே, அதுவும் இவள் வேலைதான். மரத்தைத் தின்பதில்லை. குடைந்து, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைப்பாள். ஓட்டைக்கு எதிரே அந்தரத்தில் நின்று உன்னை முறைக்கிறது பார், அது அநேகமாக ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது, வெறும் மிரட்டல். பெண்ணுக்கு உண்டு, ஆனால் சீண்டினால் ஒழியக் கொட்டமாட்டாள். ஓட்டையை அடைத்துவிடாதே. உன் கத்தரிச் செடி காய்ப்பதில் அவளுக்குப் பங்கு இருக்கிறது. கத்தரிப் பூவில் மகரந்தம், மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பூவைக் கட்டிப்பிடித்து 'ஙீ' என்று உடம்பை அதிரவைத்து உதிர்ப்பாள். பம்பிள்பீக்கும் இந்த வித்தை தெரியும், நாம் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. காலையில் செடிப் பக்கம் காதை வைத்துக் கேள், பறக்கிற சத்தம் வேறு, இது வேறு.

இரண்டாவது படத்தில் உள்ளது தேனீயே இல்லை, மலர் ஈ. சிறகு இரண்டுதான், தேனீக்கு நான்கு. கண் முகம் முழுக்க இருக்கிறது, மீசை, அதாவது உணர்கொம்பு, இருக்கிற இடமே தெரியவில்லை. மஞ்சள் கோடு போட்டு ஊரை ஏமாற்றுகிற ஆள், கொட்டத் தெரியாது.

இதில் என் வெட்கக்கதை ஒன்று உண்டு. இரண்டு வருஷமாக ரோஜா மொட்டில் அசுவினிப் பூச்சி மொய்த்தால், அதன் நடுவே நெளிகிற பச்சைப் புழுவையும் சேர்த்து சோப்புத் தண்ணீரால் கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்தேன். காலில்லாத அந்தப் புழு தலையை இப்படியும் அப்படியும் துழாவி, ஓர் அசுவினியைக் கவ்வி அந்தரத்தில் தூக்கி, உறிஞ்சி, சக்கையைக் கீழே போட்டது. அடுத்ததைத் தேடிப் போனது. மலர் ஈயின் பிள்ளை! எனக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவனைத்தான் நான் வருஷக்கணக்கில் ஒழித்திருக்கிறேன்.

ரோஜா இலையில் வட்ட வட்டமாக வெட்டு என்று குறைபட்டிருந்தாய். புழு கடித்தால் ஓரம் கந்தலாக இருக்கும். கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல இருந்தால் இலைவெட்டித் தேனீ, கூட்டுக்குச் சுவர் கட்ட எடுத்துப் போயிருக்கும். இரண்டு இலை போனால் போகட்டும்.

நாலாவது படம் எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. இருக்கிற மங்கலுக்கு அது எருமையாகக்கூட இருக்கலாம். செயலியில் போட்டுப் பார்த்தேன், நேற்று ஒரு பேர் சொன்னது, இன்று வேறு பேர். சின்னத் தேனீக்கள் பலவற்றை நிபுணர்களே நுண்ணோக்கியில் வைத்துத்தான் பிரிக்கிறார்கள், நீ மனதைப் போட்டு உழப்பாதே. நோட்டில் 'சின்னது, கறுப்பு, காலை ஏழு மணி, துளசிப் பூ' என்று எழுதி வை.

அடுத்த வாரம் எனக்குக் கண்புரை அறுவை. சில நாள் தூசிப் பக்கம் போகக்கூடாதாம். பேத்தியை வாசிக்கச் சொல்கிறேன், நீளமாக எழுது. அந்த நாலாவது ஆள் திரும்ப வந்தால், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் பின்னங்கால் தெரிய ஒன்று எடுத்து அனுப்பு.

உன்
மல்லிகா