பிஎச்பி செத்துப்போச்சுன்னு யாருங்க சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் கல்வி பக்கத்துல என்ன படிச்சா வேலை கெடைக்கும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அதுல வெப்சைட்டுக்கு பின்னாடி சர்வர்ல ஓடுற பிஎச்பி (PHP)ங்குற கம்ப்யூட்டர் மொழிய காலாவதி ஆனதுன்னு ஒரே வரியில தள்ளிவிட்டுட்டாங்க. நான் அஸ்தம்பட்டியில உக்காந்து சின்ன சின்ன கடைங்களுக்கு வெப்சைட் பாத்துக்குற ஆளுங்க, எனக்கு சோறு போடுறதே அந்த காலாவதி ஆன சரக்குதான், அதனால சும்மா இருக்க முடியல.

1995ல ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டப்ப அது அவரோட ஹோம்பேஜை யார் வந்து பாக்குறாங்கன்னு கணக்கெடுக்குற மாதிரி சின்ன சின்ன டூல்ஸ், அவ்ளோதான். அப்புறம் இஸ்ரேல்ல படிச்சிட்டிருந்த ஆண்டி கட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும் உள்ள இருந்த இஞ்சினையே திருப்பி எழுதி, 1998ல பிஎச்பி 3 வந்தப்புறம்தான் ஒரு மொழியா நின்னுச்சு. ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது. வெப்சைட் கட்ட உதவுற வேர்ட்பிரஸ் இன்னிக்கும் அதுலதான் ஓடுது, பசங்க ப்ராஜெக்ட்டுக்கு காப்பி அடிக்கிற தமிழ் விக்கிப்பீடியாவும் அதுலதான். சர்வர்ல என்ன மொழின்னு தெரிஞ்ச சைட்டுங்கள்ல பத்துக்கு ஏழுக்கு மேல பிஎச்பின்னு, எந்த சைட்டு எதுல ஓடுதுன்னு கணக்கெடுக்குற டபிள்யூ3டெக்ஸ் சொல்லுது, செத்துப்போனது எப்படிங்க இவ்ளோ சைட்டை தூக்கும்?

ஏற்காட்டுல நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறவரு, செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்கவரு, இவங்களுக்கெல்லாம் தனி சர்வர் எடுத்து அதை பாத்துக்க ஒரு ஆளும் போடுறதுன்னா கட்டுப்படி ஆகாது. பிஎச்பில ஒரு பக்கம் கேட்டா ஸ்கிரிப்ட் ஓடும், முடிஞ்சதும் மெமரிய காலி பண்ணிட்டு போயிரும், சைட்டுக்கு ஒன்னுன்னு எப்பவும் ஓடிட்டே இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால ஒரே மெஷின்ல ஏகப்பட்ட பேர் சைட்டை அடுக்கி வச்சு வாடகைய கம்மியா வாங்குறாங்க. ஃபைலை ஏத்துனா சைட் ரெடி.

செத்துப்போனது பழைய வெர்ஷனுங்க. 5.6க்கு 2018 கடைசியோட செக்யூரிட்டி ஃபிக்ஸ் நின்னுச்சு, 7.4க்கு 2022 நவம்பரோட. இது நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு தெரியும்? ஒரு தடவை ஏற்காடு கோடை விழா சமயம், புக்கிங் குவியுற நேரம் பாத்து ஒரு ஹோம்ஸ்டே சைட்டு வெறும் வெள்ளைப் பக்கமா நிக்குது. ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் பழச தூக்கிட்டு 8 போட்டுட்டான், முன்கூட்டியே மெயில் அனுப்பிருக்கான், யாரு பாத்தா? கோட் பூரா டேட்டாபேஸ்கிட்ட பேசுற பழைய ஃபங்ஷனுங்க, மைஎஸ்கியூஎல் கனெக்ட், மைஎஸ்கியூஎல் கொயரின்னு இருக்குது, அதையெல்லாம் 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7லயே எடுத்தாச்சு. அதை டேட்டாபேஸ்கிட்ட பேசுற புது வழியான பிடிஓவுக்கு (PDO) மாத்தி, கட்டளையையும் ஆளுங்க அடிக்கிற விவரத்தையும் தனித்தனியா அனுப்புற ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டா எழுதுனா, ஃபாரம் வழியா டேட்டாபேஸுக்கு கள்ளக் கட்டளை நுழைக்கிற எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டையும் சேந்து அடைபடும். இந்த வேலைக்கு சேலத்துலயே ஆள் வேணும், பெங்களூர் போய் ரூம் எடுத்து கஷ்டப்பட வேண்டியதில்ல.

குறையே இல்லன்னு சொல்லலைங்க. ஒன்னுக்குள்ள ஒன்னை தேடுற ஃபங்ஷனுங்கள்ல, தேடுற பொருளை முதல்ல குடுக்கணுமா, எதுக்குள்ள தேடுறோமோ அதை முதல்ல குடுக்கணுமான்னு ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறும், இத்தனை வருசமாகியும் நான் மேனுவலைத்தான் பாக்குறேன். தமிழ் விசயத்துல இன்னும் கூத்து. "சேலம்"னு குடுத்து, நீளம் சொல்ற ஸ்ட்ர்லென் (strlen) ஃபங்ஷன்கிட்ட எவ்ளோன்னு கேட்டா 15ங்கும், அது பைட்டை எண்ணுது. எம்பி ஸ்ட்ர்லென் (mb_strlen) கொம்பு, புள்ளியையும் தனித்தனியா எண்ணி 5ங்கும். நாம எழுத்துன்னு பாக்குறதை எண்ணுற கிராபீம் ஸ்ட்ர்லென் (grapheme_strlen) போட்டாத்தான் ஒழுங்கா 3 வரும். இது தெரியாம பேரு 20 எழுத்துக்குள்ளன்னு ஃபாரம்ல கண்டிஷன் வச்சா, தமிழ்ல அடிக்கிறவங்களை நாலஞ்சு எழுத்துலயே நீளமா இருக்குன்னு திருப்பி அனுப்பிரும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்குற யூனிகோடை பிஎச்பிக்குள்ளயே கொண்டுவரத்தான் பிஎச்பி 6ன்னு ஆரம்பிச்சாங்க, 2010ல கைவிட்டுட்டு அப்புறம் நேரா 7க்கு தாவிட்டாங்க, அதனால இந்த பாரம் எழுதுறவன் தலையில.

லேப்ல இன்னும் பிஎச்பி 5 காலத்து நோட்ஸ வச்சே நடத்துற காலேஜ் நம்ம பக்கம் உண்டுங்க, பேரு வேண்டாம். அங்க படிச்சு வர்ற பையனுக்கு பிஎச்பி 8 வரிசையில வந்த புது வசதிங்க enumனா என்ன, matchனா என்னன்னு தெரியல, 2020ல 8 வந்ததே தெரியல, அவன்கிட்ட போய் மொழியே செத்துச்சுன்னு நீங்களும் சொன்னா அவன் கடன் வாங்கி வேற ஏதோ கோர்ஸ்ல சேருவான். அடுத்த தடவை எழுதுறப்ப எந்த வெர்ஷன் எந்த வருசம் வரைக்கும்னு ஒரு சின்ன கட்டம் போடுங்க, போதும்.

கடைக்காரங்களுக்கும் ஒன்னு: உங்க ஹோஸ்டிங்கை பாத்துக்குற சிபேனல் (cPanel) பக்கத்துல பிஎச்பி வெர்ஷன்னு ஒரு எடம் இருக்கும், அது 5ன்னோ 7ன்னோ ஆரம்பிச்சா சைட் செஞ்சு குடுத்த தம்பிக்கு போன் போடுங்க, பேக்கப் எடுக்காம மட்டும் கை வைக்க விட்ராதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.