பாலத்தில் நடந்து போகிறவளுக்கும் அகலம் வேண்டும்: கடலூர்ப் பாலப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் வட்டாரத்தில் ஆற்றுப் பாலங்களைத் திட்டமிட்டுக் கட்டிப் பேணிவரும் பொறியாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

கெடிலமும் தென்பெண்ணையும் ஊடாக ஓடும் ஊர் நம்முடையது. ஆட்சியர் அலுவலகம் மஞ்சக்குப்பத்திலும், பேருந்து நிலையமும் கடைவீதியும் திருப்பாதிரிப்புலியூரிலும் இருப்பதால், ஆற்றைக் கடக்காமல் இங்கே பலருக்கு ஒரு வேலையும் ஆவதில்லை. புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆல்பேட்டையைத் தாண்டித் தென்பெண்ணையையும் கடந்தாக வேண்டும். இவர்களில் துணையில்லாமல் நடந்தே கடக்கும் பெண்களை மனத்தில் வைத்து இந்த மடலை எழுதுகிறேன். எந்த ஒரு பாலத்தையும் எந்த ஒரு அலுவலகத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறும் எண்ணம் எனக்கு இல்லை. இது நம் பாலங்கள் பலவற்றுக்கும் பொதுவான குறை.

அண்மையில் சென்னையிலிருந்து ஹவுரா மெயில் ஏறித் தனியாகக் கொல்கத்தா போய் வந்தேன். புறப்படும் முன் உறவினர்கள் சொல்லி அனுப்பிய எச்சரிக்கைகளில் பெரும்பகுதி அங்கே ஹூக்ளி ஆற்றின் குறுக்கே உள்ள ஹவுரா பாலத்தைப் பற்றியதாகவே இருந்தது. கூட்டம் நெரியும், பிக்பாக்கெட் உண்டு, பாஷை தெரியாது, ஒற்றைப் பெண்ணாக அங்கே நடக்காதே என்றார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நான் நடந்துதான் கடந்தேன். பிறகு விடியற்காலையிலும், இரவு ஒன்பது மணி தாண்டியும் கடந்து பார்த்தேன். கூட்டம் நெரிந்தது உண்மை. தலைச்சுமைக்காரர்கள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை, நாம்தான் விலக வேண்டும். தோளில் இடியும் பட்டேன். ஆனால் கீழே மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து சாமந்தி மாலைக் குவியலைத் தூக்கிக்கொண்டு ஏறிவரும் பெண்கள், அலுவலகம் போகும் பெண்கள், சீருடைச் சிறுமிகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தனியாக வந்தவள் என்று என்னை நின்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. பயணங்களில் நான் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அதை அந்த ஊர்க்காரர்களின் நல்ல குணம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் பொறியாளர்களின் வேலை. 1943இல், போர்க்காலத்தில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 705 மீட்டர். தூண்களே இல்லாமல் ஆற்றைத் தாண்டி நிற்கும் நடுப்பகுதி மட்டும் 457 மீட்டர். அதன் இருபுறமும் 15 அடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருக்கிறார்கள். தளத்தைத் தாங்கித் தொங்கும் எஃகுத் தொங்கல்களுக்கு வெளிப்புறத்தில் அந்த நடைபாதை அமைந்திருப்பதால், பேருந்துக்கும் நடப்பவருக்கும் இடையே எஃகு வரிசையாக நிற்கிறது. எதிரே நான்கு ஆண்கள் பேசிக்கொண்டு வந்தாலும், பின்னால் வேகமாக ஒருவர் வந்தாலும், ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டுத் தன் நடையைத் தொடரலாம். (வெற்றிலைப் பாக்கைக் குதப்பித் துப்பும் எச்சிலால் அந்தத் தொங்கல்களின் அடிப்பாகம் அரித்துப்போய், கண்ணாடியிழை உறை போட்டு மூட வேண்டி வந்தது என்பதும் உண்மைதான். நாள்தோறும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடக்கிற இடத்துக்கு அப்படியும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை நான் மனமுவந்து ஏற்பேன்.)

அதே நகரில், அதே ஹூக்ளி ஆற்றின் மீது, 1992இல் வித்யாசாகர் சேது என்ற பாலம் திறக்கப்பட்டது. ஆற்றைத் தாண்டும் அதன் நடுப்பகுதியும் ஹவுரா பாலத்தினுடையதைப் போலவே ஏறக்குறைய 457 மீட்டர்தான். ஆனால் நடைபாதையின் அகலம் 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி. ஐம்பது ஆண்டுகளில் பொறியியல் எவ்வளவோ முன்னேறியிருக்க, நடப்பவருக்கு ஒதுக்கிய இடம் பதினைந்து அடியிலிருந்து நான்கு அடியாகச் சுருங்கியிருக்கிறது. நம் பாலங்களும் இந்தச் சுருக்கத்துக்குப் பின் வந்த காலத்தின் மனப்போக்கிலேயே கட்டப்படுகின்றன.

சாலைக்கும் பாலத்துக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை, ஆண்களாகிய நீங்கள் பலர் உடம்பால் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், சற்று விரித்துச் சொல்கிறேன். தெருவில் யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் ஒரு பெண் செய்யக்கூடியவை பல உண்டு. மருந்துக்கடையில் ஏறித் தலைவலி மாத்திரை கேட்கலாம். கோலம் போட்ட ஒரு வீட்டு வாசலில் நின்று "அக்கா, தண்ணி கொடுங்க" என்று குரல் கொடுக்கலாம். குறுக்குச் சந்தில் திரும்பலாம். பாலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏறிவிட்டால் முன்னே போகலாம் அல்லது வந்த வழியே திரும்பலாம். திரும்பினால் அந்த ஆளையே எதிர்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் விரையும் வண்டிகள். ஆகவே தெருவுக்குப் போதுமென்று நீங்கள் கருதும் அகலமும் வெளிச்சமும் பாலத்துக்குப் போதா. நான் பார்த்த திட்டங்களிலோ, தெருவில் இருப்பதைவிடக் குறைவானதே பாலத்துக்கு ஒதுக்கப்படுகிறது.

நம் பகுதிப் பாலங்களில் நடக்கும்போது எனக்குத் தென்படுவதைச் சொல்கிறேன். ஓரத்து மேடை ஒருவர் மட்டுமே போகும் அகலத்தில் இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் வண்டிப்பாதையில் இறங்கியாக வேண்டும், பெரும்பாலும் இறங்குவது பெண்தான். பாலத்தின் மீது நடைபாதை இருந்தாலும் அதன் இரு முனைகளிலும் அது எங்கும் போய்ச் சேருவதில்லை. முழங்கால் உயரப் படியிலோ, பேனர் கம்பத்திலோ, மண்மேட்டிலோ முடிந்துவிடுகிறது. விளக்குகள் வண்டியோட்டிகளுக்காகச் சாலையை நோக்கிச் சாய்ந்திருக்க, நடப்பவர் முகம் நிழலில் இருக்கிறது. விழா நாட்களில் பாலங்களுக்குப் பூட்டப்படும் வண்ண விளக்குகளைப் பற்றி நான் பேசவே வரவில்லை; அவை தொலைவிலிருந்து பாலத்தைப் படம் எடுப்பவர்களுக்கு உரியவை.

பாலத்தின் நடைபாதை 1.5 மீட்டருக்குக் குறையலாகாது என்று சாலை, பாலத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் பால விதிநூல் சொல்வதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அது குறைந்தபட்ச அளவுதான். நம் மதிப்பீடுகளிலோ அதுவே இலக்காகிவிடுகிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை நடப்பவர்களின் உரிமை என்றும், அது வாழும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும் கூறியிருக்கிறது. அந்த உரிமை பாலத்துக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

உங்களிடமிருந்து வரக்கூடிய பதில்களில் இடமின்மையும் நிதியின்மையும் நியாயமானவை. அவற்றை நான் மறுக்கவில்லை. "அங்கே யாரும் நடப்பதில்லையே, அம்மா" என்ற பதிலைத்தான் ஏற்க முடியவில்லை. நடக்க அஞ்சும் இடத்தில் நடப்பவர்களை எண்ணித் தேவையைக் கணக்கிடுவது, நீச்சலடித்துக் கடப்பவர்களை எண்ணிப் பாலம் தேவையா என்று முடிவெடுப்பதற்குச் சமம். இரவில் கடை மூடியதும் ஜவுளிக்கடைப் பெண்கள் நடந்து போகக்கூடிய தொலைவுக்கும் ஷேர் ஆட்டோவில் காசு கொடுத்து ஏறுகிறார்கள். 2021ஆம் ஆண்டிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. அதனால் எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போக முடிந்திருக்கிறது. ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு மிஞ்சுவது நடைதான், அந்த நடை பாலத்தில் வந்து நின்றுவிடுகிறது.

கேமரா பொருத்தித் தருகிறோம் என்பீர்கள். பொருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேமரா, நடந்து முடிந்ததைக் காவல் நிலையத்தில் காட்டுவதற்கு உதவும். நடக்கும்போது எனக்கு வேண்டியது பக்கத்தில் வேறொரு மனிதர். அவர் வர வேண்டுமானால் இருவர் இணையாக நடக்கவும் மூன்றாமவர் எதிரே வரவும் இடம் வேண்டும். அதோடு, ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் பாலத்து முனைகளில் இருக்கும் பூக்கடை, சுண்டல் வண்டி, இளநீர்க் கடை எல்லாவற்றையும் துரத்திவிடாதீர்கள். நடைபாதையை மறிக்காமல் அவர்களுக்கு முனையில் ஓர் இடம் குறித்துக் கொடுங்கள். ஒன்பது மணிவரை பெட்ரோமாக்ஸோ பேட்டரி விளக்கோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பூக்கார அம்மாவை நம்பிப் பாலத்தில் ஏறும் பெண்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருத்தி. கைப்பிடிச் சுவரை முழுக்க அடைத்துக் கட்டாமல் கம்பித் தடுப்பாக வையுங்கள். படகிலிருந்தும் கரையிலிருந்தும் பார்வை படுகிற நடைபாதை, மறைவான நடைபாதையைவிட மேல்.

புதிய பாலங்களுக்கு வரைபடத்திலேயே இதைச் செய்யலாம். பழைய பாலங்களுக்கு அகலம் கூட்டுவது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முனைகளைச் சரிவாக்கிச் சாலையோடு சேர்ப்பது, விளக்கில் ஒரு கையை நடைபாதைப் பக்கம் திருப்புவது, இருசக்கர வண்டி ஏறாதபடி குட்டைத் தூண் நடுவது ஆகியவற்றுக்குப் பெரிய நிதி தேவைப்படாது, அடுத்த பராமரிப்பு மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம்.

அந்த மதிப்பீட்டை எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் பொறியாளர்களும் எழுத்தர்களும் விரும்பினால், அவர்களோடு ஒரு வேலைநாள் இரவு எட்டரை மணிக்குப் பாலத்துக்கு வாருங்கள். ஜீப் வேண்டாம், முன்னறிவிப்பும் வேண்டாம். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, நூறடி இடைவெளியில், தனித்தனியே நடக்கட்டும். நீங்கள் முனையில் நில்லுங்கள். எங்கே அவர்கள் நடை வேகமெடுத்தது, எங்கே சாலையில் இறங்கினார்கள், எங்கே கைப்பையை மறுதோளுக்கு மாற்றினார்கள் என்று அவர்களே சொல்லக் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தை ஊரார் பார்க்கும்படி வெளியிட்டால், திருத்தம் சொல்ல நாங்கள் பலர் வருவோம்.

இப்படிக்கு,
கடலூரில் வசிக்கும், அடிக்கடி தனியே பயணம் போகும் ஒரு பெண்