ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இழுப்பு உள்ள குழந்தைகளுக்குக் கடலை, முட்டை, தயிர் கொடுக்கவே கூடாது என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் படித்தேன். மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எட்டு மாதம் அப்படித்தான் செய்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில், என் பேத்திக்கு ராத்திரியெல்லாம் இழுத்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. யாரோ சொன்னார்கள் என்று அலர்ஜி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பதினோரு உணவுகளுக்கு நேரே 'பாசிட்டிவ்'. அன்றோடு கடலை, முட்டை, பால், கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் நின்றது. அம்மாப்பேட்டையில் எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் வாங்கினால் அவள் அண்ணன் தட்டை நீட்டுவான். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஆகாது" என்பாள். பிள்ளை இளைத்ததுதான் மிச்சம், இழுப்பு நிற்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரோ, பழகிவிடும் என்ற பயத்தில் அலமாரியிலேயே கிடந்தது.

அப்புறம் பார்த்த குழந்தை மருத்துவர், "இதையெல்லாம் சாப்பிட்டபோது என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. இன்ஹேலரைத் தினமும் போடவைத்து இழுப்பை அடக்கினார். பிறகு ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, கடலையைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். தடிப்பு இல்லை, இருமல் இல்லை. மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஇ என்ற, ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் பொருளை. ரத்தத்தில் அது தெரிவது வேறு, சாப்பிட்டால் ஆகாமல் போவது வேறு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது. உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான்.

ஒதுக்கி வைப்பது காப்பாற்றும் என்பதும் சரியில்லை. 2015இல் வெளியான லண்டன் ஆய்வில், கடும் தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு நிலக்கடலை உணவு கொடுத்தார்கள், மீதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம், சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நிஜமான உணவு ஒவ்வாமை லேசான விஷயமில்லை. சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்துக்குள், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அலமாரியில் கிடக்கும் இன்ஹேலர் கைக்கு வர வேண்டும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே முட்டையை நிறுத்திய வீடுகள் இருக்கும். தயவுசெய்து ஒரு ஒவ்வாமை மருத்துவரைக் கொண்டு, அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு விளக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
அம்மாப்பேட்டை, சேலம்.