மேரியின் பேரத்தில் கை வைக்காதீர்கள்: வின்செஸ்டர் குடும்பக் கதையை அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே,

டீன், சாம் வின்செஸ்டர் என்ற அண்ணன் தம்பி பேய் வேட்டையாடும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘சூப்பர்நேச்சுரல்’ 2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கி, 15 சீசன், 327 எபிசோட் ஓடி, 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. அவர்கள் பெற்றோரான ஜான், மேரியின் இளமைக் காலத்தைச் சொல்ல வந்த ‘தி வின்செஸ்டர்ஸ்’ 13 எபிசோடோடு 2023 மார்ச்சில் நின்றது. இந்தக் குடும்பத்தின் கதை இத்தோடு தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கவில்லை. உங்களில் யாராவது கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊருக்கு மறுபடியும் போகத்தான் போகிறீர்கள். போகிறவர்கள் கையில் இந்தக் கடிதம் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. காதலன் ஜானின் உயிருக்காக 1973இல் மேரி ஒரு பேயோடு செய்த பேரம் அவள் எடுத்த முடிவாகவே இருக்கட்டும். அதை விதியாக்காதீர்கள், வானத்துக் கட்டளையாக்காதீர்கள், அவள் பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடாக்காதீர்கள். இந்தக் குடும்பத்தின் முன்கதையில் நன்றாக வந்தது எல்லாம் அந்தப் பேரத்தை மதித்ததால் வந்தது. கெட்டது பெரும்பாலும் அதை மறந்ததால் கெட்டது.

அந்தப் பேரம் திரையில் எப்படிக் கட்டப்பட்டது என்று வரிசையாகப் பாருங்கள். முதல் எபிசோடில் மேரிக்குச் சில நிமிடங்கள்தான். 1983 நவம்பர் 2, இரவு. சாமுக்கு அன்றோடு சரியாக ஆறு மாதம், டீனுக்கு நான்கு வயது. தொட்டில் அறையின் சீலிங்கில் அவள் எரிந்து சாகிறாள். கணவனையும் பிள்ளைகளையும் பழிவாங்கக் கிளப்பிவிடுவதற்காகக் கொல்லப்பட்ட பெண், அவ்வளவுதான் என்று அப்போது தோன்றியது. அதே 2005 நவம்பரில் ‘ஹோம்’ எபிசோட் வந்தது. பழைய வீட்டில் ஆவியாக நிற்கும் மேரி, சாமைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறாள். எதற்கென்று யாரும் விளக்கவில்லை. 2007 மே மாதம், மஞ்சள் கண் பேய் அசாசெல் அந்த இரவைச் சாமுக்குக் காட்டுகிறான். அறைக்குள் வரும் மேரி அவனைக் கண்டதும் ‘நீயா!’ என்கிறாள். முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த இரண்டு துளிகளுக்கும் விடை 2008 அக்டோபரில் ‘இன் தி பிகினிங்’ எபிசோடில் கிடைத்தது. தேவதூதன் காஸ்டியேல் டீனை 1973க்கு அனுப்புகிறான். அங்கே மேரி, கேம்பல் என்ற பேய் வேட்டையர் குடும்பத்துப் பெண். இந்தத் தொழிலே வேண்டாம், ஜானைக் கட்டிக்கொண்டு சாதாரணமாக வாழ வேண்டும் என்று ஏங்குகிறவள். ஒரே இரவில் தாய் டியன்னா சாகிறாள், அப்பா சாமுவேல் சாகிறார், ஜானின் கழுத்து முறிகிறது. காதலனின் உடலை மடியில் போட்டுக்கொண்டிருப்பவளிடம் அசாசெல் விலை சொல்கிறான். அவள் ஆன்மா அவனுக்கு வேண்டாம். பத்து வருடம் கழித்து வருவேன், அப்போது குறுக்கே வராதே, அது போதும் என்கிறான். மேரி ஒத்துக்கொள்கிறாள். ஜான் கண் விழிக்கிறான், அவனுக்கு எதுவும் தெரியாது.

இது ஏன் பலித்தது? நாங்கள் ஏற்கெனவே பார்த்த ஒரு காட்சியைக்கூட இது பொய்யாக்கவில்லை. மன்னிப்புக்கும் ‘நீயா’வுக்கும் காரணம் கொடுத்தது, அவ்வளவுதான். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 2006இல் ஜான், டீனின் உயிருக்காகத் தன் ஆன்மாவையும், பேய்களைக் கொல்லும் கோல்ட் துப்பாக்கியையும் கொடுக்கிறான். 2007இல் டீன், சாமின் உயிருக்காகத் தன் ஆன்மாவை விற்கிறான். எல்லோருக்கும் பத்து வருடம் தரும் பேய்கள் டீனுக்கு ஒரே வருடம்தான் தருகின்றன. இந்த இரண்டு பேரங்களையும் பார்த்து முடித்த பிறகுதான், காலவரிசையில் முதல் பேரம் அம்மாவுடையது என்று தெரியவருகிறது. நேசிக்கிறவர்களின் சாவைத் தாங்க முடியாத குணம் இந்த வீட்டுக்குள் எங்கிருந்து வந்தது என்பதை, வசனமே இல்லாமல், எபிசோடுகளின் வரிசையே சொல்லிவிட்டது. இதே செய்தியை முதல் சீசனில் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

இதன் முழுப் பலன் 2017இல் கிடைத்தது. 2016இல் உயிரோடு திரும்பிய மேரி, பிள்ளைகள் மனதில் வைத்திருந்த அம்மாவாக இல்லை. வீட்டில் அடங்காதவள், வேட்டைக்குப் போகிறவள். பன்னிரண்டாம் சீசன் முடிவில் டீன் அவள் மனதுக்குள் நுழைந்து, உன்னை வெறுக்கிறேன் என்கிறான். உன் பேரத்தால் நான் சாமுக்கு அண்ணனாக மட்டும் இருக்க முடியவில்லை, அப்பாவாகவும் அம்மாவாகவும் இருக்க வேண்டியதாயிற்று என்கிறான். பிறகுதான் மன்னிக்கிறான். 2005, 2007, 2008, 2017: பன்னிரண்டு வருடத்தில் நான்கே இடங்கள். மேரி தானே முடிவெடுத்தவள் என்பதால்தான் டீன் கோபப்பட முடிந்தது, கோபப்பட்டதால்தான் மன்னிக்கவும் முடிந்தது.

இனி எங்கே கெட்டது என்று சொல்கிறோம். 2010 பிப்ரவரியில், அடுத்தடுத்த இரண்டு எபிசோடுகள். முதலில் தலைமைத் தூதன் மிக்கேல், இந்த வம்சம் காயீன், ஆபேல் வரை போகிறது என்கிறான். அடுத்த வாரம் காதல் அம்பு எய்யும் ஒரு கியூபிட் வந்து, மேரியையும் ஜானையும் சேர்த்துவைத்தது சொர்க்கத்தின் உத்தரவு, அதற்கு முன் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது என்கிறான். நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டால், மடியில் கிடந்த காதலனுக்காக மேரி கொடுத்த விலை அவளுடையதே இல்லை என்றாகிவிடும். சொல்லப்பட்டதை அழிக்கச் சொல்லவில்லை. அளவைக் குறையுங்கள். அம்பு இருவரையும் சேர்த்திருக்கலாம், ஆனால் 1973 மே மாதத்து அந்த இரவில் ‘சரி’ என்று சொன்னது அவள் வாய். கியூபிடைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வேறுபாட்டை ஒரு காட்சியில் வைத்துவிடுங்கள்.

யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதில்தான் எழுத்தறைகள் அதிகம் வழுக்குகின்றன. 1973 பேரம் மேரிக்கு 1983 வரை நினைவிருக்கிறது, இல்லையென்றால் ‘நீயா’ இல்லை. சாமும் டீனும் காலம் கடந்து 1978க்குப் போய் வந்தது அவளுக்கும் ஜானுக்கும் நினைவில்லை, மிக்கேல் அழித்துவிட்டான். ஆக, மகன் எதிர்காலத்திலிருந்து வந்து எச்சரித்தான் என்று 1983இல் அவள் நினைத்துப் பார்க்கும் காட்சி எழுத முடியாது. டீன் பிறந்தது 1979 ஜனவரி 24. கர்ப்பம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் 1978 காட்சி எதுவும் கோடைக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜானுக்கோ, 1983 நவம்பருக்கு முன் பேய் பிசாசு எதுவும் தெரியாது. லாரன்ஸில் மிசௌரி மோஸ்லி என்ற குறிசொல்லும் பெண்ணிடம் போன பிறகுதான் அவனுக்கு உண்மை தெரிகிறது. இந்தத் தேதிகளை அறைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

‘தி வின்செஸ்டர்ஸ்’ தடுக்கியது இங்கேதான். 1972இல் வியட்நாமிலிருந்து திரும்பும் ஜான், முதல் எபிசோடிலேயே பேயைப் பார்க்கிறான், தன் அப்பா ஹென்றி எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு பேய் பிசாசுகளை ஆராயும் ‘மென் ஆஃப் லெட்டர்ஸ்’ ரகசியச் சங்கத்தைத் தேடிப் போகிறான். பழைய தொடரில் அப்பா தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற கசப்போடு வளர்ந்தவன் அவன். 13ஆம் எபிசோடில், இது வேறொரு உலகம், இறந்துபோன டீன் தன் பெற்றோர் நன்றாக வாழும் ஓர் உலகத்தைத் தேடி வந்தான் என்று விடை வருகிறது. நல்ல விடைதான், மனதைத் தொடும் விடையும்கூட. ஆனால் 12 எபிசோட் பார்வையாளர்களைப் பிழை எண்ண வைத்த பிறகு வந்தது. மாற்று உலகம் என்றால் மூன்றாம் எபிசோடுக்குள் சொல்லிவிடுங்கள். அந்த உலகத்து மேரி அதே பேரத்துக்கு ஒத்துக்கொள்வாளா என்ற கேள்வி அப்போதுதான் எல்லோர் நெஞ்சிலும் நிற்கும்.

ஹென்றியை எழுதிய விதத்தை மட்டும் அப்படியே பின்பற்றலாம். 2013 ஜனவரியில் ஒரே எபிசோட். 1958இலிருந்து அபடான் என்ற பேய்க்குத் தப்பி ஓடிவரும் ஹென்றி, பேரப்பிள்ளைகளின் அறைக்குள் வந்து விழுகிறார். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சாவி. அந்த எபிசோடிலேயே இறந்தும் போகிறார். ஜானை அப்பா கைவிடவில்லை, திரும்பிப் போக முடியாமல் போயிற்று என்பது அந்த ஒரு மணி நேரத்திலேயே தெளிவாகிவிடுகிறது. அந்தச் சாவி, கான்சாஸ் மாநிலத்து லெபனான் ஊரில் சங்கத்தின் பதுங்கறையைத் திறந்தது. எட்டு வருடமாக மோட்டலில் தூங்கிய அண்ணன் தம்பிக்குக் கடைசிவரை ஒரு வீடு அமைந்தது. ஒரு முன்னோர், ஒரு பொருள், ஆற வேண்டிய ஒரு காயம். அதற்கு மேல் சுமை ஏற்றவில்லை.

ஆறாம் சீசன் கேம்பல்கள் இதற்கு நேர் எதிர். உயிரோடு திரும்பிய தாத்தா சாமுவேலோடு கிறிஸ்டியன், மார்க், க்வென் என்று சொந்தங்கள் வந்து குவிந்தன, அந்த சீசனோடு போய்விட்டன. மகளைத் திரும்பப் பெற்றுத் தருகிறேன் என்று நரகத்து அரசன் கிரௌலி சொன்னதற்காகச் சாமுவேல் பேரன்களைக் காட்டிக்கொடுத்தது மட்டும் நிற்கிறது. ஏனென்றால் அதுவும் மேரியை இழந்த வலியில் பிறந்த இன்னொரு பேரம்.

ஆடமைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எங்களுக்கு மனமில்லை. 2009இல், மினசோட்டா மாநிலத்து வின்டமில் ஜானுக்கு மூன்றாவது மகன் இருப்பது தெரிந்தது. ஆடம் மில்லிகனை ஜான் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போது டீனின் முகம் மாறுவதை மறக்க முடியாது. தனக்குக் கிடைக்காத அப்பா இவனுக்குக் கிடைத்திருக்கிறார். அந்த எபிசோடில் பேசுவது ஆடமைத் தின்றுவிட்டு அவன் உருவத்தில் வந்த பிணந்தின்னி, ‘கூல்’ என்று பிறகு தெரிகிறது. கூல்களுக்குத் தின்றவரின் நினைவும் வந்துவிடும் என்பதால், அவன் சொன்ன பழைய சம்பவங்களை நீங்கள் உண்மையாகவே எடுத்துக்கொள்ளலாம். 2010இல் உண்மையான ஆடம் உயிர்பெற்று, மிக்கேல் குடியேறும் உடலாகி, சாமோடு சேர்ந்து நரகக் கூண்டில் விழுந்தான். சாமை மீட்டார்கள். ஆடம் 2019 வரை திரும்பவில்லை. ஒன்பது வருடம் இரு அண்ணன்களும் அவனை மீட்க உருப்படியாக எதுவும் செய்யவில்லை. குடும்பமே எல்லாம் என்று சொல்லும் தொடரில் அது ஆழமான வடு. கடைசி சீசனில் கடவுள் எல்லோரையும் மறையவைத்தபோது அவனும் மறைந்தான், திரும்பி வந்ததைக் காட்டவே இல்லை. புதிய ரத்த உறவு ஒன்றை உருவாக்கும் நாளிலேயே அந்த ஆள் எப்படிப் போவான் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். ஆடமுக்கு ஒரு முடிவு எழுத இப்போதும் இடமிருக்கிறது.

எழுதாமல் விட்ட காட்சி இன்னொன்றும் இருக்கிறது. டீன் அம்மாவிடம் வெறுக்கிறேன் என்று சொன்னான். அப்பாவிடம் சொன்னதில்லை. மூன்றாம் சீசனில் அந்த ஆத்திரம் வெடித்தபோது எதிரில் நின்றது கனவில் வந்த டீனின் சொந்த உருவமே. 2019இல் 300ஆவது எபிசோடில் ஜான் திரும்பி வந்தபோது, சாமிடம் மனம்விட்டுப் பேசி மன்னிப்புக் கேட்டான். டீனிடம் பெருமைப்படுகிறேன் என்றான், டீனும் தன் வாழ்க்கை இதுதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டான். எல்லோரும் சேர்ந்து ஒரு இரவு சாப்பிட்டதில் டீனின் குழந்தைப்பருவம் அடைபட்டுப் போயிற்று. ஐந்தாம் சீசனில் சொர்க்கத்து நினைவில், ஜான் வீட்டைவிட்டுப் போயிருந்த நாட்களில் அம்மாவைத் தேற்றும் சின்ன டீனைக் காட்டியதும் இதே தொடர்தான்.

அந்தக் காட்சிக்கான இடத்தை இறுதி எபிசோடே தந்திருக்கிறது. சொர்க்கத்தில், அண்ணன் தம்பிக்கு இன்னொரு அப்பா போல இருந்த பாபி, உன் அப்பா அம்மா வீடு பக்கத்தில்தான் என்று டீனிடம் சொல்கிறான். அந்த வீட்டுக்குப் போகும் டீனை எழுதுங்கள். முதல் வார்த்தை டீனுடையதாக இருக்கட்டும், ஜான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கூடாது. மேரி அதே அறையில் இருந்தால் இருவருக்கும் நடுவில் சமாதானம் பேச வந்துவிடுவாள், அவள் வெளியில் இருக்கட்டும். டீன் மூன்று விஷயங்களைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். ஃபோர்ட் டக்ளஸ் மோட்டலில் தம்பியைக் காக்கச் சொல்லி விட்டுப்போன இரவு. பதினாறு வயதில் ரொட்டி திருடி மாட்டிக்கொண்டபோது, கிடக்கட்டும் என்று நியூயார்க் மாநிலத்துச் சிறுவர் இல்லத்தில் இரண்டு மாதம் விட்டது. சாவதற்கு முன் காதருகே குனிந்து, சாமைக் காப்பாற்று, முடியாவிட்டால் கொன்றுவிடு என்று சொன்னது. மூன்றுக்கும் ஜான் பதில் சொல்லி முடிக்கும்வரை காட்சியை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
சாம், டீன் இருவரையும் முதல் சீசனிலிருந்து பின்தொடரும் ரசிகர்கள்