நாட்டு நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வழக்கம்போல் நடந்தது. ஊசி போட்டுத் தந்த கால்நடை மருத்துவருக்கு நன்றி. மீதமுள்ள நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கண்டபடி இனம் சேர்த்துக் குட்டி விற்பது, கண்ட இடத்தில் குட்டி வாங்குவது, இந்த இரண்டும்தான் நம் நாய்களை இன்று கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. பின்னர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் மத்திய அரசின் கால்நடை மரபு வளப் பதிவில் தனி இனங்களாக ஏறின. நமக்குப் பெருமைதான். ஆனால் பெயர் பரவியதும் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறியதும், ஒரு பெட்டையும் ஒரு செல்போனும் வைத்திருப்பவரெல்லாம் வியாபாரி ஆகிவிட்டார்.

முதலில் வெள்ளை. ராஜபாளையம் கேட்டு வருபவர் கேட்பது ஒன்றுதான்: பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, உடம்பில் ஒரு புள்ளி கூடாது. இந்த ஒற்றை ஆசைக்கு விலை காது. தோலுக்கு நிறம் கொடுக்கும் நிறமிச் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிந்துவிடும். மருந்து கிடையாது. முழு வெள்ளையோடு முழு வெள்ளையைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, காதில் பழுப்புத் திட்டோடு பிறந்த குட்டியைக் கழித்துவிட்டால், செவிட்டுக் குட்டிகள் கூடத்தான் செய்யும். திட்டு உள்ள குட்டி மட்டம் என்ற பேச்சை நாமே முதலில் நிறுத்த வேண்டும். சங்கத்தின் கருத்தில் அதுதான் காப்பாற்றப்பட வேண்டிய குட்டி.

காதைச் சோதிக்க, ஐந்து வாரம் ஆன குட்டியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தால் செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்து ஓடி ஏமாற்றிவிடும். அது கண் அயர்ந்ததும், பின்பக்கம் நான்கைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்குங்கள். நிழல் விழக்கூடாது, தரை அதிரக்கூடாது, கைவீச்சுக் காற்றும் படக்கூடாது. காது மடல் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். கொஞ்ச நேரம் விட்டு விட்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஒரு காது மட்டும் போன குட்டி இதில் தேறிவிடும். ஆனால் விழித்திருக்கும்போது கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் தெரியாமல் தலையைத் தவறான திசையில் திருப்பும். உறுதியாகத் தெரிய, தலையில் மின்முனை வைத்து அளக்கும் ‘பேயர்’ சோதனை ஒன்றே வழி. ஒற்றைக் காது நாய் வீட்டில் நன்றாகவே வாழும். அதை இனம் சேர்க்கத்தான் கூடாது.

அடுத்தது ஒரே ரத்தம். “வெளி ரத்தம் கலக்காத அசல்” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வது பல நேரம் அப்பனுக்கு மகளைச் சேர்த்த கதைதான். அப்பன்–மகள், உடன்பிறந்த இரண்டு, இப்படிச் சேர்த்தால் உட்கலப்பு அளவு, அதாவது தாய் வழியும் தகப்பன் வழியும் ஒரே மூதாதையின் அதே மரபணு குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். தாய் அல்லது தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்தால் 12.5. குட்டி எண்ணிக்கை குறைவது, பிறந்த வாரத்திலேயே சாவது, மறைந்திருந்த குறை வெளியே வருவது எல்லாம் இதன் பலன். ஊரில் பேர் எடுத்த ஒரே கடுவனுக்கு (ஆண் நாய்க்கு) எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோனால், பத்து வருடத்தில் அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடும். அந்தக் கடுவனால் இன்னொரு தொல்லையும் உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோசுபோல் வளர்ந்து ரத்தம் சொட்டும் கட்டி, சேரும்போதே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். இரண்டு நாய்களையும் மருத்துவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். பெட்டை பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் கட்டாயம் அடைத்து வையுங்கள். ஒரே ஈத்தில் இரண்டு கடுவன்களின் குட்டிகள் பிறக்க முடியும். நல்ல ஈத்தில் கலப்புக் குட்டி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டும், எட்டு வயது தாண்டக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, ஆயுளுக்கு ஐந்து. எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது. காது, வால் வெட்டக்கூடாது.

இதில் அதிகம் மீறப்படுவது எட்டு வாரம். “45 நாள் குட்டி” என்று சொல்லி விற்பதில் பாதி 30 நாள் குட்டி. வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு மாதக் குட்டிக்குப் பால்பல் 28: மேலும் கீழும் ஆறு ஆறு முன்பல், நான்கு கோரை, மற்றவை கடைவாய். முன்பல் ஊசிபோல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, கடைவாய் ஈறு வழுவழுப்பாக இருக்கிறது என்றால் குட்டிக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான். நகத்தை எண்ணி ராசி பார்க்கும் நேரத்தில் பல்லை எண்ணலாம். (முன்காலின் கட்டைவிரல் சேர்த்து 18 நகம் இயல்பு, பின்காலிலும் இருந்தால் 20. அதற்கும் வீட்டு அதிர்ஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை.) எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். அதற்கு முன்பே பிரித்த குட்டி வளர்ந்து குழந்தையைக் கடித்த பிறகு, இனத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

வாங்கிய ஒரு வாரத்தில் குட்டி செத்துவிட்டது என்ற புகார் இந்த ஆண்டும் வந்தது. பெரும்பாலும் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். கிருமி ஏறிய குட்டி மூன்று முதல் ஏழு நாள், சில நேரம் இரண்டு வாரம்வரை, ஓடி விளையாடும். பிறகு சோறு தள்ளும், வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். விற்றவர் “என்னிடம் நன்றாகத்தான் இருந்தது” என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் போட்டதுதான் குற்றம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என 16 வாரம்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால் ஒரே ஊசியோடு நிறுத்தக்கூடாது. வயிற்றுப் பூச்சிக்கான மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து. ஊசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவர் கையெழுத்தும் இல்லாவிட்டால் ஊசி போடவில்லை என்றே கொள்ளுங்கள். பார்வோவில் குட்டி செத்த வீட்டு மண்ணில் கிருமி ஓராண்டுக்கு மேலும் கிடக்கும். சிமெண்ட் தரையைத் திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம்; மண் முற்றத்தை அப்படிக் கழுவ முடியாது. அங்கே ஊசிகள் முடிந்த நாயைத்தான் கொண்டுவர வேண்டும்.

ஆகவே குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள், அது ஈன்ற இடத்திலேயே. பால் கொடுத்த தாய் மெலிந்திருக்கும், அது குறையல்ல. மடி தொங்க வேண்டும், குட்டிகள் அதனிடம் ஓட வேண்டும். தாய் தோட்டத்தில் இருக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்றால் குட்டி வேறெங்கிருந்தோ வந்தது. பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன், முன்பணம் ஜிபே பண்ணுங்கள் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். முயல் பிடிக்கும் வீடியோவைக் காட்டிச் சிப்பிப்பாறை விற்பவரிடமும் அப்படியே. முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், தவிர அந்த வேகம் கிரேஹவுண்ட் கலப்பிலும் வரும். பேப்பர் (வம்சாவளிச் சான்றிதழ்) உண்டு என்றால், தாயின் தோலுக்கடியில் உள்ள சிப்பின் 15 இலக்க எண்ணை ஸ்கேனரில் படித்துப் பேப்பரோடு ஒப்பிடுங்கள். நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார்: சுற்றுச்சுவர் உண்டா, பகலில் வீட்டில் யார், எத்தனை மணி நேரம் கட்டிவைப்பீர்கள் என்று. அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம்.

குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களைத் தெருக்குட்டிகளின் பக்கம் அனுப்புகிறோம். காவலுக்கு அவை எதற்கும் குறைந்தவை அல்ல.

செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. இனச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதாத ஈத்தை, உறுப்பினருடையதாக இருந்தாலும், சங்கம் யாருக்கும் சிபாரிசு செய்யாது. ஒரே கடுவனை உறுப்பினர்களின் பெட்டைகளுக்கு ஆண்டில் மூன்று முறைக்கு மேல் விடக்கூடாது. விற்ற குட்டியை வாங்கியவர் எந்த வயதில் வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பினாலும், விற்ற உறுப்பினர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பதிவேடு மேசைமேல் இருக்கிறது. இந்த ஆண்டு இனம் சேர்க்க நினைப்பவர்கள் பெட்டையின் பிறந்த தேதி, கடைசி ஈத்துத் தேதி, சிப் எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்