மூட்டுக்குள் போகும் மருந்து: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியருக்கு,

மூட்டுவாத மருந்தைப் புரத நுண்துகள்களில் ஏற்றி, நோவுள்ள மூட்டுக்கே அனுப்பும் ஆய்வைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படியான விஷயம் தமிழில் வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறவள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வந்து, "இந்த ஊசி இங்க இருக்கா பிள்ளை?" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா, புது மருந்து வரப்போகுதே என்று மூட்டுவாதத்துக்கு எடுத்துவந்த மெத்தோட்ரெக்சேட் குளிசையை நிறுத்தியே விட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆய்வு முக்கியமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீங்கியிருப்பது ஒரு முழங்கால் என்றாலும் விழுங்கும் குளிசை உடம்பு முழுக்கப் போகிறது. வலிக் குளிசை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஸ்டீரொய்ட் சுகரைக் கூட்டும், எலும்பை மெலிய வைக்கும். சரி, நேரே மூட்டுக்குள் ஊசி போட்டால்? எளிதில் கரையும் மருந்துகள் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே அங்கிருந்து வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். அல்புமின், ஜெலட்டின் போன்ற புரதங்களால் செய்த துகள்கள் அப்படிச் சுலபமாக வெளியேறாது. மருந்தை மெல்ல மெல்ல விடும். அழற்சி கண்ட மூட்டில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அதிகம். ஆகவே ஜெலட்டின் துகள் அங்கே வேகமாகச் சிதையும், மருந்தும் கூடுதலாக வெளிவரும். நோய் கூடும் இடத்தில் மருந்தும் கூடும்! எனக்கு மிகவும் பிடித்த இந்த யோசனையைக் கட்டுரை தொடவே இல்லை.

இது வெறும் கனவும் அல்ல. அல்புமினில் ஏற்றிய பக்லிடாக்செல் மருந்துக்கு மார்பகப் புற்றுநோய்க்காக 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழங்கால் தேய்மானத்துக்கு ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தின் நுண்துகள் ஊசி ஒன்று 2017இல் அங்கே அனுமதி பெற்றது. ஆனால் அந்தத் துகள் புரதம் அல்ல, செயற்கைப் பல்பகுதியம் (பொலிமர்). மூட்டுவாதத்துக்கான புரதத் துகள்களோ பெரும்பாலும் ஆய்வுகூடத்திலும் விலங்குச் சோதனையிலுமே நிற்கின்றன. வேறு உயிரின் புரதத்தை நம் உடம்பு எதிர்க்குமா, கிருமிநீக்கம் செய்யும்போது துகள் கெடுமா என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மனிதருக்குப் போடலாம். ஆய்வு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது கட்டுரையின் முதல் பந்தியிலேயே வந்திருக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் பழைய மருந்துதான். ஆனாலும் முடக்குவாதத்தில், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் மூட்டுவாதத்தில், மூட்டு உருக்குலையாமல் காப்பதில் இன்றைக்கும் முதலில் கொடுக்கப்படுவது அதுதான். நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பலாம். ஒருமுறை சேதமான மூட்டு பழையபடி வராது. அதோடு, அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் குளிசை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த இதழில் ஒரு வாதநோய் நிபுணரிடம் கேட்டு இதற்குத் தொடர்ச்சி வெளியிடுங்கள். டொக்டரைக் கேட்காமல் எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம் என்பதைப் பெரிய எழுத்தில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06