இடமாற்றமாகிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிறுதி இடமாற்றக் கடிதம் வந்ததும், இலங்கை மலையகத்தில் இரண்டு மூன்று வருடம் தங்கியிருந்த ஆசிரியர், தாதியர், வங்கி ஊழியர் குடும்பங்கள் முதல் வேலையாக லொறி பேசப் போகின்றன. அதற்கு முன் விடுகைப் பத்திரம் (பாடசாலையை விட்டு விலகுவதற்கான சான்றிதழ்) கேட்டுப் பிள்ளையின் பாடசாலைக்குப் போங்கள். தவணை முடிந்து பாடசாலை பூட்டிவிட்டால் அதிபரின் கையொப்பமும் முத்திரையும் விடுமுறை கழியும்வரை கிடைப்பது கஷ்டம். அதை வாங்குவதற்குள் அங்கே புதிய ஊரில் வகுப்பு தொடங்கிவிடும்.

விடுகைப் பத்திரத்துக்குச் சொல்லும் அன்றே பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய், சேர்விடாப்பில் (பிள்ளையைச் சேர்த்தபோது பதிந்த பாடசாலைப் பதிவேட்டில்) உள்ள பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மலையகத்தில் பல பிறப்புகள் சிங்களத்தில் பதியப்பட்டவை. அதைத் தமிழில் எழுதும்போது ‘சிவகுமார்’ ‘சிவக்குமார்’ ஆகிவிடும், தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறிவிடும். அந்தப் பிழை அப்படியே விடுகைப் பத்திரத்தில் ஏறி, பிறகு சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில்தான் தலைகாட்டும். அப்போது திருத்துவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அட்டனுக்கு பஸ் ஏறி வர வேண்டும். இப்போதென்றால் அரை மணி நேர வேலை. சேர்ந்த திகதி, விலகும் திகதி, கடைசியாகப் படித்த வகுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். இலவசப் பாடநூல்களையும் நூலகப் புத்தகங்களையும் ஒப்படைக்காமல் பல பாடசாலைகள் பத்திரம் தருவதில்லை. புலமைப்பரிசில் அல்லது சாதாரண தரத்துக்கு விண்ணப்பித்துவிட்ட பிள்ளை என்றால், பரீட்சை முடியும்வரை தாயோ தகப்பனோ ஒருவர் பிள்ளையோடு இங்கே தங்குவதே நல்லது. அனுமதி அட்டை பழைய பாடசாலைக்குத்தான் வரும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் மிட்வைஃபிடம் சொல்லிவிட்டு, கிளினிக் புத்தகத்தைக் கைப்பையில் வையுங்கள், லொறியில் ஏற்ற வேண்டாம். 18 மாத ஊசிக்குப் பிறகு 3 வயதில் ஒன்று, 5 வயதில் ஒன்று. இடைவெளி நீண்டது என்பதால் ஊர் மாறும் வீடுகளில் மறந்துபோவது இவைதான்.

இனி சாமான்கள். இங்குள்ள ஈரத்தைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். மெத்தையைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டினால் மழைக்குத் தப்பும், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் வெக்கையான ஊருக்குப் போய் இறங்குமுன்பே பூஞ்சணம் பிடித்துவிடும். நான்கைந்து நாள், வெயில் கிடைக்கும்போதெல்லாம் இரு பக்கமும் புரட்டிக் காயவைத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றுங்கள். தறப்பாள் லொறிக்கு மேல் போட்டால் போதும். அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து அதன் முதுகைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் படிந்திருப்பதை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே ஏற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோங்கள். இறக்கியவுடன் மின்சாரம் கொடுக்காமல் நான்கு மணி நேரமாவது விடுங்கள், வளைவுகளில் குலுங்கிய எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்ப வேண்டும். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி வேறாக வையுங்கள்.

தோட்டப் பாதைகளில் பதினாலரை அடி லொறி திரும்பாது. டிமோ பட்டா என்ற சின்ன லொறியில் பெரிய ரோட்டுவரை இறக்கி அங்கே மாற்றி ஏற்றுவதற்கு ஆளும் நேரமும் கணக்கில் இருக்கட்டும். ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடியோடு வரும், ஆகவே காலையிலேயே ஏற்றிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பதுளை, பசறைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை நாள் முழுக்கப் பெய்யும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில், வாடகை முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கடைசி நாளில் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு மின்மானியைப் படம் எடுங்கள். கடைக் கொப்பியில் உள்ள கடனை முடித்துவிடுங்கள். பீலித் தண்ணீருக்கு (மலையிலிருந்து குழாயில் வரும் பொதுத் தண்ணீருக்கு) மாதக் காசு சேர்க்கும் இடமென்றால் அதையும் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அந்தத் தொகை பக்கத்துக் காம்பராக்காரர் (லயன் அறையில் இருப்பவர்) தலையில்தான் விழும்.

இன்னும் ஒன்று, இது எங்கள் மனதை மிகவும் வருத்துவது. வளர்த்த நாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பூட்டிய கதவடியில் இஸ்தோப்பிலேயே (வாசல் திண்ணையிலேயே) நாள்கணக்கில் படுத்துக் கிடக்கும். கொண்டுபோக முடியாதென்றால், ஒரு மாதம் முன்பே ஒரு வீட்டைப் பேசி, அந்த வீட்டார் கையாலேயே சோறு வைக்கப் பழக்குங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு லொறியில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
அட்டன்.